படைப்பாற்றல் மரபணுவில் இருக்கிறதா, மூளை ரசாயனத்தில் இருக்கிறதா?

இரண்டுக்கும் பங்கு உண்டு. ஆனால் ‘இந்த மரபணு இருந்தால்தான் கலைஞன்’ என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். பிள்ளைக்கு மரபணுச் சோதனை எடுத்துப் பார்க்கலாமா என்ற யோசனையில்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

என் அம்மாவுக்கு பார்க்கின்சன் நோய். மூளையில் டோபமைன் என்ற ரசாயனத்தைச் சுரக்கும் செல்கள் அழிவதால் வருவது. டோபமைனின் வேலையைச் செய்யும் மாத்திரை கொடுத்தார்கள். உடம்பின் இறுக்கம் குறைந்தது. அப்புறம், அதுவரை கணக்கெழுத மட்டுமே பென்சிலைத் தொட்டவர், படம் வரைய ஆரம்பித்தார். நடுராத்திரி தாண்டியும் அவர் அறையில் விளக்கு எரியும். எல்லாம் முகங்கள்.

நரம்பியல் மருத்துவரிடம் சொன்னதும் அவர் முதலில் கேட்டது, “சூதாட்டம், கண்டபடி பொருள் வாங்குவது, இப்படி ஏதாவது உண்டா?” என்றுதான். அந்த வகை மருந்துக்கு அப்படியொரு பக்கவிளைவு இருக்கிறது. மருந்து தொடங்கிய பிறகு ஓவியத்தில் இறங்கிய நோயாளிகளைப் பற்றி மருத்துவ இதழ்களிலும் எழுதியிருக்கிறார்கள். மருத்துவரே மருந்தின் அளவைக் குறைத்தார். இப்போது அம்மா இரவில் தூங்குகிறார், பகலில் வரைகிறார்.

இது தெரிந்ததும் உறவினர்கள், “அவளா வரைகிறாள், மாத்திரை வரைகிறது” என்று பேச ஆரம்பித்தார்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை. வரையும் வேகத்தை மாத்திரை தூண்டியிருக்கலாம். அதே மாத்திரையைச் சாப்பிடும் பெரும்பாலானோர் வரைவதில்லையே? அம்மா வரைந்த ஒரு முகத்தில், இறந்துபோன பெரியம்மாவின் புருவம் அப்படியே இருந்தது. அந்தப் புருவத்தை இத்தனை வருடம் பார்த்துக்கொண்டிருந்தது அம்மாதான்.

உடனே ‘அறிவியலை மறுக்கிறாயா’ என்று வராதீர்கள். மறுக்கவில்லை. சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தார் 2010இல் வெளியிட்ட ஆய்வில், தாலமஸ் என்னும் மூளைப் பகுதியில், டோபமைனைப் பிடித்துக்கொள்ளும் டி2 என்னும் ஏற்பிகள் குறைவாக இருந்தவர்கள், ஒரே கேள்விக்குப் பல விடை யோசிக்கும் சோதனையில் அதிக மதிப்பெண் வாங்கினார்கள். சிறிய ஆய்வுதான். ஐஸ்லாந்தில் நடத்தப்பட்டு 2015இல் வெளிவந்த ஆய்வு பெரியது. மனச்சிதைவு, இருமுனைக் கோளாறு ஆகிய மனநோய்களின் அபாயத்தோடு தொடர்புள்ள மரபணு வேறுபாடுகள், கலைஞர் சங்கங்களில் இருப்பவர்களிடம் சற்றே கூடுதலாக இருந்தன. ஆனால் யார் கலைஞர், யார் இல்லை என்ற வித்தியாசத்தில் அவற்றால் விளக்க முடிந்தது 1 சதவீதத்துக்கும் குறைவு. ஒன்றல்ல, ஆயிரக்கணக்கான மரபணு வேறுபாடுகள் சேர்ந்தும் அவ்வளவுதான். அதை வைத்து ஒரு குழந்தையைப் பற்றி என்ன சொல்லிவிட முடியும்? அந்தப் பணத்துக்குக் காகிதமும் வண்ணமும் வாங்கிக் கொடுங்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்கிறேன். மாத்திரை வரைகிறது என்றவர்களே வீட்டில் மாட்டப் படம் கேட்டு வாங்கிப் போனார்கள். காகிதக் காசுகூட ஒருவரும் கொடுக்கவில்லை. வரைபவரிடம் சும்மா கேட்கலாம் என்று இவர்களுக்கு யார் சொன்னது?