புதிய மோரா கத்தியை முகாமுக்கும் மரச்செதுக்கலுக்கும் ஏற்றபடி எப்படி மாற்றுவது?

மோரா கிளாசிக் நம்பர் 1 (மரப்பிடி போட்ட ஸ்வீடன் கத்தி) வாங்கியிருப்பதாகவும், முதுகு, கூர், பிடி மூன்றையும் மாற்ற விரும்புவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். நானும் அதே கத்தியைத்தான் வைத்திருக்கிறேன். ஸ்வீடனில் வசிக்கிறேன், குளிர்கால மாலைகளில் ஈரமான பிர்ச் மரத்தில் கரண்டி செதுக்குவேன்.

வாங்கிய கையோடு அரத்தைத் தூக்காதீர்கள். ஒரு மாதம் அப்படியே புழங்குங்கள். கை எங்கே நோகிறது, கத்தி எங்கே முரண்டு பிடிக்கிறது என்று தெரியவரும். அந்த இடத்தை மட்டும் தொட்டால் போதும்.

முதலில் முதுகு. தீப்பொறிக் கோலை உரசிப் பொறி எழுப்ப முதுகின் விளிம்பு செங்கோணமாக, கூர்மையாக இருக்க வேண்டும். புதுக் கத்தியில் அது லேசாக மழுங்கியிருக்கும். பலரும் பிடியிலிருந்து நுனிவரை முழு முதுகையும் செங்கோணமாக்கிவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். செதுக்கும்போது இடக்கைக் கட்டைவிரலால் முதுகைத் தள்ளித்தான் கத்தியை நகர்த்துகிறோம். அரை மணி நேரத்தில் விரலில் சிவந்த கோடு விழுந்துவிட்டது. பிறகு பிடியை ஒட்டிய 4 சென்டிமீட்டரை உப்புத்தாளால் மறுபடி உருட்டினேன். இப்போது பொறிக்கு நுனிப்பக்கம், விரலுக்குப் பிடிப்பக்கம். நீங்கள் தொடக்கத்திலேயே அப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள். வெட்டும் விளிம்பில் தடித்த டேப் சுற்றி, கத்தியை இரண்டு மரத்துண்டுகளுக்கு நடுவே இறுக்கி, சொரசொரப்பான சாணைக்கல்லை முதுகின் மேல் நேராக ஓட்டினால் போதும்.

மின்சாணை மட்டும் வேண்டாம். என் முந்தைய கத்தியின் நுனியை அதில் காட்டினேன். ஒரு கணம்தான், நுனியில் நீலம் பாரித்துவிட்டது. கார்பன் எஃகு ஏறத்தாழ 300 டிகிரி செல்சியஸைத் தொட்டதற்கான அடையாளம் அது. பதம் இறங்கிவிட்டது, அதாவது எஃகின் கடினம் குறைந்துவிட்டது. அதன் பிறகு எவ்வளவு தீட்டினாலும் நுனி மடங்கியது. நீலம் பாரித்த பகுதி முழுவதையும் கல்லில் கையாலேயே தேய்த்து எடுக்க வேண்டியதாயிற்று.

கூர் விஷயத்தில் இந்தக் கத்தியின் உயிரே ஸ்காண்டி சரிவுதான், அதாவது அலகின் பக்கத்திலிருந்து கூர்வரை ஒரே தட்டையாக இறங்கும் சரிவு. அகலமான அந்தச் சரிவு மரத்தின் மேல் படிந்து கத்திக்கு வழிகாட்டும். கல்லின் மேலும் அப்படியே படியும். சரிவு முழுவதும் மார்க்கர் மை பூசி, 1000 எண் கல்லில் இரண்டு இழுப்பு இழுத்துப் பாருங்கள். மை எங்கே மிஞ்சியிருக்கிறதோ அங்கே கல் படவில்லை. மறுபக்கத்தில் பிசிறு விரலுக்குத் தட்டுப்படும்வரை தீட்டி, 4000 எண் கல்லிலும் (எண் கூடக் கூடக் கல் நைசானது) கூர் தீட்டும் தோல்பட்டையிலும் முடியுங்கள். காய்ந்த கட்டையும் கணுவும் செதுக்குவதானால், கடைசி இரண்டு இழுப்பில் மட்டும் கத்தியை ஒரு மயிரிழை தூக்குங்கள். ஈர மரத்துக்கு அது தேவையே இல்லை.

வினிகரில் ஊறவைத்துக் கத்தியைக் கருக்குவதைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். துருவைக் கொஞ்சம் தாமதப்படுத்தும். ஆனால் துடைத்து எண்ணெய் தடவும் பழக்கத்துக்கு அது மாற்றாகாது.

கடைசியாகப் பிடி. பிர்ச் மரத்தின் மேல் பூசிய சிவப்பு வண்ணம் ஈரக்கையில் வழுக்கும். இந்தக் கத்திக்குக் கைக்காப்பும் கிடையாது, விரல் நேராகக் கூருக்குப் போய்விடும். அதனால் இந்த ஒரு மாற்றத்தை மட்டும் தயங்காமல் செய்யச் சொல்வேன். வண்ணத்தைச் சுரண்டி, 120, 220 எண் உப்புத்தாள்களால் தேய்த்து, ஈரத்துணியால் ஒருமுறை துடையுங்கள். மர நார் சிலிர்த்துக்கொள்ளும். காய்ந்ததும் இன்னொரு முறை தேய்த்து, ஆளிவிதை எண்ணெயை மெல்லிதாகத் தடவுங்கள்; நாளுக்கு ஒன்றாக மூன்று பூச்சு. எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிப் போட்டுவிடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடேறும். சுருட்டிய துணி தானாகவே தீப்பிடித்துவிடக்கூடும். கொடியில் விரித்துக் காயவிடுங்கள்.