நட்சத்திரம் பெரியவர்களுக்கு, தேதி பிள்ளைகளுக்கு

கேள்வி இதுதான்: "மகனுக்கு ஏழு வயது முடியப் போகிறது. பிறந்தநாளை ஐயாயிரத்துக்குள் முடிக்க வேண்டும். யாரையெல்லாம் கூப்பிடுவது என்று பட்டியல் போட உட்கார்ந்தாலே எனக்கும் கணவருக்கும் சண்டை. டென்ஷன் இல்லாமல் நடத்த வழி உண்டா?"

உண்டு. பாதி பதில் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. சண்டை வருவது பட்டியலில், கேக்கில் இல்லை.

எங்கள் ஊர் வலங்கைமானுக்குப் பக்கம். பையனின் முதல் பிறந்தநாளை 2019 தையில் மண்டபம் பிடித்துச் செய்தோம். தை என்றால் கல்யாண சீசன், அதிலும் ஞாயிற்றுக்கிழமை. வாடகையில் ஒரு பைசா குறைக்க முடியவில்லை. நூற்றெண்பது பேருக்குச் சாப்பாடு, வாசலில் ஆளுயர பிளெக்ஸ், பலூன் வளைவு, போட்டோ, வீடியோ. என் இரண்டு பவுன் சங்கிலி அடகுக்குப் போனது. மீண்டு வரப் பதினான்கு மாதம் ஆயிற்று. சிக்கனம் என்று நினைத்து மாமனார் மார்கழியிலேயே தெர்மாகோல் தட்டும் பிளாஸ்டிக் டம்ளரும் கட்டுக் கட்டாக வாங்கி வைத்திருந்தார். ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் அதற்கெல்லாம் தடை. மாதக்கணக்காகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். நாங்கள்தான் "எங்கே நடக்கப் போகுது" என்று இருந்துவிட்டோம். மண்டபத்தில் உள்ளேயே விடவில்லை. காலை ஏழு மணிக்கு என் கணவர் வாழையிலை வாங்கக் கும்பகோணத்துக்கு வண்டியில் பறந்தார்.

கேக் வெட்டும் நேரத்தில் யாரோ ஒரு பொடியன் ஸ்னோ ஸ்பிரே அடித்தான். குழந்தை வீரிட்டு அழுதான், அழுத களைப்பில் என் தோளிலேயே தூங்கிப் போனான். ஆல்பத்தில் கேக் வெட்டிக்கொண்டிருப்பது என் தம்பி. பிறந்தநாள்காரனின் முதுகு மட்டும் தெரிகிறது.

"மொய் வந்திருக்குமே" என்பீர்கள். வந்தது. ஆனால் மொய் வருமானமா? நோட்டில் எழுதி வைத்த கடன். இத்தனை வருடமாக அந்த நோட்டைப் புரட்டிப் புரட்டித் திருப்பிச் செய்துகொண்டிருக்கிறோம். பேராவூரணிப் பக்கம் ஆடி மாதத்தில் மொய் விருந்து என்றே தனியாக வைத்து, கறிச்சோறு போட்டு, மொய் வாங்குவார்கள். அதில் ஒரு நேர்மை இருக்கிறது. வைக்கிறவருக்கும் தெரியும், வருகிறவருக்கும் தெரியும். பிள்ளையின் பிறந்தநாளுக்குள் அதைச் சொருகும்போதுதான் கூப்பிட்டால் செலவு, கூப்பிடாவிட்டால் பகை என்று ஆகிறது.

இதற்கு வழி சொன்னவர் என் மாமியார். பையனுக்கு ஐந்து முடிகிற வருடம் இதே சண்டை எங்கள் வீட்டிலும் நடந்தது. அத்தை முறத்தில் உளுந்து பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஏம்மா, அவனுக்குத்தான் பொறந்தநாள் ரெண்டு இருக்கே. பெரியவங்களுக்கு ஒண்ணு, பொடிசுங்களுக்கு ஒண்ணுன்னு வச்சுட்டுப் போ."

நம் வீடுகளில் நட்சத்திரப் பிறந்தநாள் ஒன்று இருக்கிறதே, அதைத்தான் சொன்னார். தமிழ் மாதமும் நட்சத்திரமும் சேர்கிற நாள் ஒவ்வொரு வருடமும் இங்கிலீஷ் தேதியிலிருந்து முன்னே பின்னே நகரும். பையனுக்குத் தை மாதம் புனர்பூசம். தைப்பூசத்துக்கு முந்தின நாள் என்பதால் வீட்டில் யாருக்கும் மறக்காது. 2025-ல் தைப்பூசம் பிப்ரவரி 11, ஆக அவனுக்குப் பத்தாம் தேதி. இங்கிலீஷ் தேதியோ ஜனவரிக் கடைசியில். இடையில் பத்து நாளுக்கு மேல்.

நட்சத்திரத்தன்று காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்து, கோயிலில் பெயர், நட்சத்திரம் சொல்லி அர்ச்சனை. வீட்டில் வடை, பாயசம். பெரியப்பா வீடு, சித்தப்பா வீடு, அடுத்த தெரு அத்தை என்று எல்லோர் வீட்டுக்கும் பையனைக் கூட்டிக்கொண்டு போய் விழுந்து கும்பிடச் சொல்லி, ஒரு தூக்கில் பாயசம் கொடுத்துவிட்டு வருவோம். அவர்கள் வர வேண்டியதில்லை, நாம்தான் போகிறோம். இது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்று செய்து பார்த்தால்தான் தெரியும். நூறு ரூபாய் கையில் திணித்துத் திருநீறு பூசி அனுப்புவார்கள். "எங்களைக் கூப்பிடலையே" என்ற பேச்சுக்கே இடமில்லை. கூப்பிட என்ன இருக்கிறது, வீடு தேடி வந்து காலில் விழுந்தாயிற்றே!

இங்கிலீஷ் தேதி முழுக்கப் பிள்ளைகளுக்கு. அதை ஒட்டி வருகிற ஞாயிறு, மாலை நாலிலிருந்து ஆறு. வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது "ஆறு மணிக்கு வந்து அழைத்துச் செல்லவும்" என்று கட்டாயம் எழுதுங்கள். முடிகிற நேரம் எழுதாத வருடம் எட்டரை வரை வீட்டில் பிள்ளைகள் இருந்தார்கள், கூட்ட வந்த அம்மாக்களுக்குத் தோசை வார்த்து என் முதுகு போயிற்று. "பரிசு வேண்டாம்" என்றும் எழுதலாம். எழுதினாலும் பாதிப் பேர் பென்சில் பாக்ஸோடுதான் வருவார்கள், அதை விடுங்கள்.

எத்தனை பிள்ளைகள்? வகுப்பில் முப்பத்திரண்டு பேர். அவர்களுக்குப் பள்ளிக்கூடத்திலேயே ஆளுக்கொரு கடலைமிட்டாய். வீட்டுக்கு வந்தது தெருப் பிள்ளைகள் பத்து, வகுப்பில் அவனே பொறுக்கிய நாலு பேர். பொறுக்கும் வேலையை அவனிடமே விட்டேன். நான் போட்டிருந்தால் யாருடைய அம்மா என்ன நினைப்பாள் என்று இருபது பெயர் ஆகியிருக்கும்.

அலங்காரத்துக்கு மாமனாரைப் பிடித்தேன். வாசலுக்கு மாவிலைத் தோரணம், அவ்வளவுதான். பந்தலுக்கு ஓலை முடைகிற கை அது. திண்ணையில் ஒரு பச்சைத் தென்னை மட்டையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். குருத்தோலை கேட்டேன். "குருத்தை வெட்டினா மரம் போயிடும், இதுவே போதும்" என்றார். வருகிற பிள்ளைக்கெல்லாம் கையில் ஓலை வாட்ச், கண்ணில் ஓலைக் கண்ணாடி, வாயில் பீப்பி. முதல் அரை மணி நேரம் அவரைச் சுற்றியே போயிற்று. பீப்பியைப் பதினாலு பேர் சேர்ந்து ஊதினால் எப்படி இருக்கும் என்று முன்பே யோசித்திருக்க வேண்டும். அத்தை உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

பலூன் பத்துப் பதினைந்து கட்டினோம், அதுவும் உயரத்தில். வெடித்த ரப்பர்த் துண்டைச் சின்னக் குழந்தைகள் வாயில் போட்டால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். திருவிழாவில் விற்கும் கேஸ் பலூன் வேண்டவே வேண்டாம். அதில் ஹைட்ரஜன் இருந்தால் மெழுகுவர்த்திப் பக்கம் போனதும் தீப்பிடிக்கும். ஸ்னோ ஸ்பிரேயும் தீயைக் கண்டால் பற்றிக்கொள்கிற சாமான்தான். முதல் பிறந்தநாளன்று பையன் அழுததோடு போயிற்றே என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன்.

சாப்பாட்டில் என் கட்சி கேசரி. ஒரு கிலோ கேக் வாங்கினால் பிள்ளைகள் மேலே உள்ள கிரீமை நக்கிவிட்டுத் தட்டைத் திண்ணையில் வைத்துவிட்டு ஓடும், எறும்புக்குத்தான் விருந்து. அரைக் கிலோ வாங்கினேன், வெட்டவும் போட்டோவுக்கும் அது போதும். கட்டைவிரல் அளவுத் துண்டு ஆளுக்கு ஒன்று. வயிற்றுக்குக் கேசரியும் உருளைக்கிழங்கு போண்டாவும். அரைக் கிலோ ரவை, முக்கால் கிலோ சர்க்கரை, இருநூறு கிராம் நெய். ரவையை நெய்யில் வாசனை வர வறுத்து, இரண்டரை மடங்கு கொதிக்கிற தண்ணீரில் தூவி, வெந்தபிறகே சர்க்கரை. முன்னால் போட்டால் ரவை விறைத்துக்கொள்ளும். பதினாலு பிள்ளைகளும் வீட்டுப் பெரியவர்களும் சாப்பிட்டு, மறுநாள் பால்காரருக்கும் இருந்தது. கேசரி மத்தியானமே செய்து வைத்துவிட்டேன், மாலையில் போண்டா மட்டும்தான் அடுப்பில். குடிக்க எலுமிச்சைச் சாறு. சில்வர் டம்ளரை அக்கம்பக்கத்தில் இரவல் வாங்கினேன். ஒவ்வொன்றிலும் பெயர் வெட்டியிருக்கிறதே, திருப்பிக் கொடுப்பதில் குழப்பம் வராது. போன வருடம் ஒன்று மட்டும் எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது, இன்னும் உரியவரைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

விளையாட்டுக்கு மூன்று போதும், நாலாவது தேவைப்படவே இல்லை. முதலில் ஓடுகிற ஆட்டம். தையில் அறுவடை முடிந்து பக்கத்துக் களத்தில் வைக்கோல் குவிந்து கிடந்தது. குதிக்க அதைவிட வேறென்ன வேண்டும்? சுணை அரிக்கும், தேங்காயெண்ணெய் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மேல் மூச்சு வாங்கினதும் உட்கார்ந்து ஆடும் ராஜா ராணி, போலீஸ் திருடன் சீட்டு. கடைசியில் உறியடி.

உறியடிக்கு எங்கள் பக்கம் வரகூர் பேர்போனது, கிருஷ்ண ஜயந்திக்கு. நாங்கள் செய்தது கொய்யா மரத்து உறியடி. இதில் கொஞ்சம் முன்யோசனை வேண்டும். குயவரிடம் சின்னக் கலயம் இரண்டு வாங்குங்கள். ஒன்று எப்படியும் முதல் அடியிலேயே போய்விடும், கடைசியில் நிற்கிற பிள்ளை அழும். கயிற்றைக் கிளைக்கு மேலே போட்டு மறுமுனையை ஒரு பெரியவர் பிடித்துக்கொண்டு ஏற்றி இறக்க வேண்டும், அதுதான் ஆட்டமே. கோலமாவில் ஒரு கோடு, கண் கட்டியவனைத் தவிர யாரும் அதைத் தாண்டக் கூடாது. கீழே சாக்கு விரித்து, எல்லோர் காலிலும் செருப்பு இருக்கிறதா என்று பாருங்கள். ஓடு குத்தும். மிட்டாயைச் சும்மா கொட்டி வைத்தால் பெரிய பிள்ளைகள் அள்ளிவிடும், சின்னதுகள் வெறுங்கையோடு நிற்கும். ஆகையால் பதினாலு காகிதப் பொட்டலமாகக் கட்டிக் கலயத்துக்குள் போட்டேன். என் பையன் அடிக்க வந்தபோது அவன் தாத்தாதான் கயிற்றுமுனையில். நாலு தடவை ஏமாற்றினார். ஐந்தாவது தடவை கண்கட்டை மேலே தூக்கிப் பார்த்து அடித்தான். பார்த்தும் பாராததுபோல் விட்டுவிட்டோம்.

கணக்கு: கேக் ₹350, கேசரிக்கு ₹400, போண்டாவுக்கு ₹300, எலுமிச்சை, சர்க்கரைக்கு ₹120, கலயம் இரண்டு ₹80, உறியடி மிட்டாய் ₹200, பலூன், கயிறு ₹60, வகுப்புக்குக் கடலைமிட்டாய் ₹100, ரிட்டர்ன் கிஃப்ட் ₹450. நட்சத்திரத்தன்று கோயிலுக்கும் பாயசத்துக்கும் ₹500, புதுச் சட்டை ₹900. உங்கள் ஐயாயிரத்தில் ஆயிரத்தைந்நூறு மிச்சம். சட்டையைப் பொங்கலுக்கு எடுத்ததோடு சேர்த்தால் இன்னும் குறையும், நான் அந்த வாக்குவாதத்தில் தோற்றுவிட்டேன்.

டென்ஷனே இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஒரு நாத்தனார் பிளெக்ஸ் வைக்கவில்லை என்று முகத்தைத் தூக்கினார். நாலரை மணிக்குக் கரண்ட் போயிற்று, போனது பிள்ளைகளுக்குத் தெரியவே இல்லை.

அந்த ரிட்டர்ன் கிஃப்ட்டைப் பற்றி மட்டும் ஒன்று சொல்ல வேண்டும். ஒன்று முப்பது ரூபாய் என்று மண் உண்டியல் பதினைந்து வாங்கினேன். வண்டியில் வரும்போதே ஒன்று உடைந்து சரியாகப் பதினாலு வந்து சேர்ந்தது. குலுக்கினால் சத்தம் வரட்டும் என்று உடைந்த ஓட்டுத்துண்டு ஒவ்வொன்றிலும் ஒன்று போட்டுக் கொடுத்தனுப்பினேன். மறுநாள் காலை ஏழு மணிக்குப் போன். எதிர்வீட்டு அக்கா. "என்னடி குடுத்தனுப்பின? எம்புள்ள அதைப் பொடவையில கட்டி ஃபேன்ல மாட்டிட்டு, கண்ணைக் கட்டிவிடுன்னு கம்போட நிக்கிறான்."