ஏலம் என்றால் இரண்டு பேராவது வேண்டும்

கேள்வி: லண்டன் ஹாரோவில் இருக்கிறோம், அடுத்த மாதம் வீடு மாறுகிறோம். காலமான மாமனாரின் கேனன் ஏஈ-1 ஃபிலிம் கேமரா, ஓரிரு முறை மட்டுமே கட்டிய மூன்று காஞ்சிபுரம் பட்டுச்சேலைகள், பெட்டி பிரிக்காத பீங்கான் தட்டு செட் ஒன்று ஆகியவற்றை ஈபேயில் ஏலம் விடலாமென்று இருக்கிறேன். ஆரம்ப விலையை 99 பென்ஸாக வைத்தால்தான் கூட்டம் சேரும் என்கிறார்கள். விலை ஏறாவிட்டால் என் தம்பியை விட்டு ஏலம் கேட்க வைக்கலாமா? இதற்கு வரி உண்டா?

பதில்: முதலில் தம்பியை விட்டுவிடுங்கள். சொந்தப் பொருளுக்குத் தானே விலையேற்றுவதும், ஆள் வைத்து ஏற்றுவதும் இங்கே குற்றம். தன் பொருள்களுக்குத் தானே ஏலம் கேட்ட ஒருவருக்கு 2010இல் பிராட்போர்டு நீதிமன்றம் அபராதத்தோடு 250 மணி நேரச் சமூகப் பணியும் விதித்தது. தவிர, உங்கள் தம்பியே ஏலத்தில் ஜெயித்துவிட்டால் கேமரா வீட்டிலேயேதான் இருக்கும்.

ஆனால் உங்கள் கவலை நியாயமானது. ஈபேயில் ஏலம் கேட்பவர், தான் அதிகபட்சம் கொடுக்கக்கூடிய தொகையை ரகசியமாகப் பதிந்து வைக்கிறார். போட்டிக்கு ஆள் வந்தால் மட்டும், தேவையான அளவுக்கு அவர் சார்பில் கணினி விலையை ஏற்றும். கேமராவுக்கு ஒருவர் 60 பவுண்டு வரை தரத் தயார், இன்னொருவர் 45 வரை என்று வைத்துக்கொள்வோம். ஏலம் 46 பவுண்டில் முடியும். அந்த இரண்டாமவர் வரவே இல்லையென்றால், 60 பவுண்டு தரத் தயாராக இருந்தவர் 99 பென்ஸுக்கு எடுத்துப் போவார், நீங்களும் கொடுத்தே ஆக வேண்டும். ஆகவே இரண்டு பேராவது மோதுவார்கள் என்று உறுதியாகத் தெரிந்த பொருளுக்குத்தான் 99 பென்ஸ். மற்றதற்கெல்லாம், இதற்குக் கீழே போனால் மனசு வலிக்கும் என்ற தொகையே ஆரம்ப விலை.

மோதுவார்களா என்று எப்படித் தெரியும்? தேடல் பக்கத்தில் 'விற்றவை' என்பதை மட்டும் காட்டும்படி வடிகட்டுங்கள். கடந்த 90 நாட்களில் எது உண்மையில் எந்த விலைக்குப் போனது என்று தெரியும். விற்காமல் கிடப்பவற்றின் மேல் ஒட்டியிருக்கும் விலை வெறும் ஆசை, அதைப் பார்க்காதீர்கள்.

கேமராவை ஏலம் விடுங்கள். 1976இல் வந்த மாடல் அது, தேடி வாங்குகிறவர்கள் இன்றும் உண்டு. ஆனால் 'வேலை செய்கிறதா தெரியாது' என்று எழுதினால் பாதிப் பேர் ஒதுங்கிவிடுவார்கள். அந்தக் கேமராவில் பேட்டரி இல்லாமல் ஷட்டர் அசையாது. அதனாலேயே நல்ல கேமராக்கள் பழுதென்று மலிவாகப் போகின்றன. 4எல்ஆர்44 என்ற 6 வோல்ட் பேட்டரி சில பவுண்டுகள்தான், வாங்கிப் போட்டுப் பாருங்கள். ஷட்டர் அடிக்கும்போது இருமுவது போல ஒரு கீச்சொலி வந்தால் அது இந்த மாடலின் பிரபலமான நோய். மறைக்காமல் எழுதுங்கள், தெரிந்தவர்கள் அதையும் சேர்த்துக் கணக்குப் போட்டுத்தான் கேட்பார்கள். லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி மெல்லிய இழைகள் தெரிந்தால் பூஞ்சை. அதையும் படமெடுத்துப் போடுங்கள். குறையைக் காட்டாமல் விற்ற பொருள் திரும்பி வரும், தபால் செலவும் உங்கள் தலையில் விழும்.

நம்மூர் ஏலம் போல் 'ஒரு தரம், இரண்டு தரம்' என்று இழுக்க இங்கே ஆளில்லை. கடிகாரம் நின்றால் ஏலம் முடிந்தது. அனுபவசாலிகள் கடைசிச் சில விநாடிகளில்தான் கேட்பார்கள், எனவே ஆறு நாள் அசையாத விலையைப் பார்த்து நடுவில் ரத்து செய்துவிடாதீர்கள். தொடங்கிய அதே நேரத்தில்தான் முடியும் என்பதால், ஞாயிறு இரவு எட்டு மணிக்கு ஏழு நாள் ஏலமாகத் தொடங்குங்கள். அடுத்த ஞாயிறு அதே நேரத்தில் எல்லோரும் வீட்டில் இருப்பார்கள்.

சேலைகளை ஏலம் விட வேண்டாம் என்பேன். பட்டின் அருமை தெரிந்த இரண்டு பேர் ஒரே வாரத்தில் அதே நிறத்தைத் தேடி வருவது அபூர்வம். நிலையான விலை போட்டு, பேரத்துக்கும் இடம் விட்டுக் காத்திருங்கள். தலைப்பில் 80 எழுத்து இடமுண்டு. சேலையை ஆங்கிலத்தில் சிலர் நான்கு எழுத்தில் எழுதுவார்கள், சிலர் ஐந்தில், இரண்டையும் போடுங்கள். ஜன்னல் வெளிச்சத்தில் முந்தானையை விரித்து ஒரு படம், கரைச் சரிகையை நெருக்கத்தில் ஒன்று, மடிப்பில் இழை விட்டிருந்தால் அதையும் ஒன்று. நீளம் எவ்வளவு, ரவிக்கைத் துணி இருக்கிறதா என்பதை எழுதாவிட்டால் அதைக் கேட்டே பத்துப் பேர் வருவார்கள். அசல் வெள்ளிச் சரிகை என்று உறுதியாகத் தெரியாதபோது அப்படி எழுதாதீர்கள். தபாலில் பிரச்சினையில்லை, 2 கிலோ வரை ராயல் மெயிலின் சிறு பார்சலில் அடங்கும்.

தட்டு செட்டைத் தபாலில் அனுப்ப நினைக்கவே வேண்டாம். நேரில் வந்து எடுத்துப் போக வேண்டும் என்று போடுங்கள். வருகிறவர் தன் போனில் ஈபே தரும் குறியீட்டைக் காட்டுவார். அதைச் சரிபார்த்த பிறகே பெட்டியைக் கொடுங்கள், இல்லையென்றால் வந்து சேரவில்லை என்று நாளை புகார் சொன்னால் உங்களிடம் சாட்சி இருக்காது. 'வெளியே முடித்துக்கொள்ளலாம், கூடுதலாகத் தருகிறேன், வாட்ஸ்அப் எண் கொடுங்கள்' என்று யாராவது எழுதினால் பதிலே வேண்டாம்.

2024 அக்டோபரிலிருந்து பிரிட்டனில் தனிநபர் விற்பனைக்கு ஈபே கமிஷன் எடுப்பதில்லை, வாங்குகிறவரிடம்தான் கட்டணம் வாங்குகிறது. பார்சல் போய்ச் சேர்ந்தது உறுதியான பிறகே பணம் கைக்கு வரும் என்பதால், தடமறியும் எண்ணோடு அனுப்புங்கள். வருடத்தில் 30 விற்பனையை எட்டினாலோ, 2,000 யூரோ, அதாவது சுமார் 1,700 பவுண்டைத் தாண்டினாலோ ஈபே உங்கள் விவரத்தை வரித்துறைக்கு அனுப்பும். அதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். வீட்டில் புழங்கிய பொருளை விற்பது வியாபாரமல்ல, ஒரே பொருள் 6,000 பவுண்டைத் தாண்டினால்தான் யோசிக்க வேண்டியிருக்கும்.

கேமராவின் பின்மூடியை மட்டும் அவசரப்பட்டுத் திறக்காதீர்கள், உள்ளே படச்சுருள் இருந்தால் வெளிச்சம் பட்டு வீணாகிவிடும். மேலே இடப்பக்கம் இருக்கும் சிறு கைப்பிடியை அம்புக்குறி காட்டும் பக்கமாக மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். இறுக்கம் தெரிந்தால் உள்ளே படச்சுருள் இருக்கிறது. அடியில் உள்ள பொத்தானை அழுத்தி, இறுக்கம் விடும்வரை சுற்றி எடுத்து, கழுவக் கொடுங்கள். மாமனார் கடைசியாக எடுத்த படங்கள் அதில் இருக்கக்கூடும்.