கேள்வி – பதில்: ஐஸ்லாந்து

ஐஸ்லாந்து முழுவதுமே பனிக்கட்டிதானா?
– வாசகர், மன்னார்குடி

இல்லை. வட அட்லாண்டிக்கில், ஆர்க்டிக் வட்டத்துக்குச் சற்றுத் தெற்கே உள்ள அந்தத் தீவின் பரப்பு ஏறத்தாழ 1,03,000 சதுர கிலோமீட்டர். அதில் பத்தில் ஒரு பங்கு மட்டுமே பனிப்பாறை. கடலின் வெப்ப நீரோட்டம் காரணமாகத் தலைநகர் ரெய்க்யவிக்கில் ஜனவரியில்கூடச் சராசரி வெப்பநிலை 0 டிகிரியை ஒட்டியே இருக்கிறது. நாடு முழுவதிலும் வாழ்வோர் ஏறத்தாழ 4 லட்சம் பேர்தான்.

காவிரியில் வருவதுபோல அங்கும் வெள்ளம் வருமா?
– வாசகர், கும்பகோணம்

வரும், ஆனால் மழையால் மட்டும் அன்று. வட அமெரிக்க, யுரேசிய நிலத்தட்டுகள் ஆண்டுக்குச் சுமார் 2 சென்டிமீட்டர் வீதம் விலகிச் செல்லும் பிளவின் மேல் ஐஸ்லாந்து அமைந்திருப்பதால், அதன் மிகப்பெரிய பனிப்பாறையான வாட்னயோகுலின் அடியிலேயே எரிமலைகள் இருக்கின்றன. 1996 செப்டம்பர் இறுதியில் அவற்றுள் ஒன்று வெடித்தது. உருகிய நீர் உடனே வெளியேறாமல், பனிக்கு அடியிலுள்ள கிரிம்ஸ்வோட்ன் ஏரியில் ஒரு மாதத்துக்கும் மேலாகத் தேங்கி, நவம்பர் 5 அன்று பனிப்பாறையைத் தூக்கிக்கொண்டு வெளியே பாய்ந்தது. மேட்டூரில் 2 லட்சம் கன அடி திறந்தாலே கொள்ளிடக் கரையில் தண்டோரா போடும் நமக்கு, அங்கே உச்சத்தில் விநாடிக்கு 15 லட்சம் கன அடிக்கும் மேல் ஓடியது என்பது நம்புவதற்கே கடினம். வீடு அளவு பனிக்கட்டிகள் மோதிப் பாலங்கள் சிதைந்தன. வெள்ளம் வரும் என்று அறிவியலாளர்கள் காத்திருந்ததாலும், வழியில் இருந்தது குடியிருப்பற்ற கருமணல் வெளி என்பதாலும் ஒருவரும் உயிரிழக்கவில்லை. வண்டல் படிந்த நம் வயல்வெளி அங்கே இல்லாதது அந்த வகையில் நல்லதாயிற்று.

உலகின் பழமையான நாடாளுமன்றம் ஐஸ்லாந்தில் என்கிறார்கள். நம் குடவோலை முறை அதற்கும் முந்தியதல்லவா?
– வாசகர், திருவாரூர்

இரண்டும் ஒரே காலத்தவை. முதலாம் பராந்தகனின் உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஐஸ்லாந்தின் 'ஆல்திங்' 930இல் தொடங்கியது. இருப்பினும் வயதை வைத்துப் போட்டி போடுவதில் பொருளில்லை. உத்திரமேரூர்ச் சபை, பேரரசன் ஒருவனின் ஆட்சியில் ஏரியையும் தோட்டத்தையும் கவனித்துக்கொண்ட ஊராட்சி. ஆல்திங்கோ, அரசனே இல்லாத நாட்டின் தலைவர்கள் கோடைதோறும் திங்வெட்லிர் சமவெளியில் கூடிச் சட்டம் இயற்றி வழக்குத் தீர்த்த அவை. சட்டம் எழுதப்படாத அக்காலத்தில், 'சட்டம் உரைப்பவர்' ஆண்டுக்கு மூன்றில் ஒரு பங்காக அதை மனப்பாடமாக ஒப்பித்தார். தீர்ப்பை நிறைவேற்றும் அதிகாரம் மட்டும் யாரிடமும் இல்லை. தலைவர்களுக்குள் மூண்ட பகையின் முடிவில், 1262–64இல் நாடு நார்வே மன்னருக்கு அடங்கியது. பின்னர் டென்மார்க்கிடம் சென்றது. 1783இல் தொடங்கிய லாக்கி எரிமலை வெடிப்பின் நச்சுவாயுவாலும் பஞ்சத்தாலும் மக்களில் ஐந்தில் ஒருவருக்குமேல் மாண்டனர். 1800இல் ஆல்திங்கே கலைக்கப்பட்டு, 1845இல்தான் மீண்டும் கூடியது. ஆகவே சிலர் அதற்குச் சூட்டும் 'இடையறாத' என்ற அடைமொழி பொருந்தாது. 1918இல் இறையாண்மை பெற்ற நாடு, 1944 ஜூன் 17 அன்று குடியரசானது.

மீன்பிடி எல்லைக்காக ஐஸ்லாந்து பிரிட்டனோடு மோதியது உண்மையா?
– வாசகர், நாகப்பட்டினம்

உண்மைதான். 1958இல் 12 கடல் மைல், 1972இல் 50, 1975இல் 200 எனத் தன் மீன்பிடி எல்லையை ஐஸ்லாந்து விரித்துக்கொண்டே போனது. ராணுவமே இல்லாத அந்நாட்டின் ரோந்துக் கப்பல்கள், பிரிட்டிஷ் இழுவைக் கப்பல்களின் பின்னால் சென்று வலையின் கம்பி வடங்களை அறுத்துவிட்டன. காப்பதற்கு வந்த போர்க்கப்பல்களுடன் உரசல்களும் நிகழ்ந்தன. தன் மண்ணிலிருந்த நேட்டோ தளத்தை மூடப்போவதாக ஐஸ்லாந்து மிரட்டிய பிறகே, 1976இல் பிரிட்டன் 200 மைலை ஏற்றது. அதே ஆண்டில் இந்தியாவும் 200 கடல் மைல் பொருளாதார மண்டலத்துக்குச் சட்டம் இயற்றியது.