புது உலை, அடம்பிடிக்கும் ரெகுலேட்டர்: கேள்வி பதில்

உலோகத்தைக் காய்ச்சும் புரோப்பேன் வாயு உலையைப் புதிதாகக் கட்டியவர்கள் அனுப்பிய கேள்விகளை ஒன்றாகப் போட்டுப் பதில் சொல்கிறேன். எல்லோருக்கும், சிலிண்டரின் அழுத்தத்தைக் குறைத்துக் கொடுக்கும் ரெகுலேட்டர் மேல்தான் சந்தேகம். அது பெரும்பாலும் குற்றவாளி இல்லை.

கேள்வி: அண்ணா, சிலிண்டரைத் திறந்தேன், ரெகுலேட்டர் திருகை முழுக்கத் திருகினேன். சுடர் மெழுகுவர்த்தி அளவுக்குத்தான் வருகிறது. ரெகுலேட்டர் புதிது. திருப்பிக் கொடுத்துவிடலாமா?

அவசரப்படாதீர்கள் தம்பி. சிலிண்டர் வால்வை எப்படித் திறந்தீர்கள், மெதுவாகவா, சடாரென்றா? சில இணைப்புகளில், ஹோஸ் அறுந்தால் வாயு கொட்டாமல் தடுக்க ஒரு பாதுகாப்பு அடைப்பு உள்ளே இருக்கும். ஹோஸ் காலியாக, பர்னர் வால்வும் திறந்திருக்கும்போது சிலிண்டரைச் சட்டென்று திறந்தால், ஹோஸ் அறுந்துவிட்டது என்று நினைத்து அது மூடிக்கொள்ளும். பிறகு கசிவுபோலக் கொஞ்சம்தான் வரும்.

சிலிண்டரை மூடுங்கள். ரெகுலேட்டர் திருகைத் தளர்த்துங்கள். பர்னர் வால்வையும் மூடிவிட்டு ஓரிரு நிமிடம் விடுங்கள். அப்புறம் சிலிண்டரை மட்டும் மெல்ல மெல்லத் திறந்து, கடைசியில் ரெகுலேட்டருக்கு வாருங்கள். இன்னொன்று: ரெகுலேட்டர் திருகு தண்ணீர்க் குழாய்க்கு நேர் எதிர். வலப்பக்கம் திருகினால் ஸ்பிரிங் இறுகி அழுத்தம் கூடும். இடப்பக்கம் திருகினால் குறையும். என் முதல் உலையில் இது தெரியாமல் அரை மணி நேரம் திண்டாடினேன்.

கேள்வி: சமையல் அடுப்பு ரெகுலேட்டரையே மாட்டினால் என்ன?

அது தருவது ஏறக்குறைய 30 மில்லிபார் அழுத்தம், பிஎஸ்ஐ என்ற அழுத்த அலகில் சொன்னால் அரைகூட இல்லை. மின்விசிறி இல்லாத பர்னரில், ஜெட் எனும் சின்னத் துளையிலிருந்து வாயு சீறும் வேகம்தான் காற்றை உள்ளே இழுக்கிறது. அதற்குப் பல பிஎஸ்ஐ வேண்டும். 0 முதல் 30 பிஎஸ்ஐ வரை மாற்றக்கூடிய உயர் அழுத்த ரெகுலேட்டரை வாங்குங்கள். ரெகுலேட்டரே இல்லாமல் இணைக்கலாமா என்றும் ஒருவர் கேட்டிருக்கிறார். கூடவே கூடாது. 20 டிகிரி செல்சியஸில் சிலிண்டருக்குள் 100 பிஎஸ்ஐக்கு மேல் இருக்கும்.

கேள்வி: பர்னர் வால்வு மூடியிருக்கும்போது அழுத்தமானி (கேஜ்) 10 காட்டுகிறது. பற்றவைத்ததும் 8க்கு இறங்குகிறது. பழுதா?

இல்லை. வாயு ஓடும்போது முள் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். எரியும்போது பார்த்து வைப்பதுதான் சரியான அளவு. ஆனால் வால்வை மூடியபின் முள் நிற்காமல் ஏறிக்கொண்டே போனால், உள்ளே இருக்கும் அடைப்பான் சரியாகப் படியவில்லை. தூசி சிக்கியிருக்கலாம், தேய்ந்திருக்கலாம். சிலிண்டரை மூடிவிட்டு ரெகுலேட்டரை மாற்றுங்கள். பிரித்துப் பழுது பார்க்கும் பொருள் இல்லை அது.

கேள்வி: 20 நிமிடம் அருமையாக எரிகிறது. அப்புறம் அழுத்தம் இறங்கிக்கொண்டே போகிறது. சிலிண்டரின் அடியில் பனி படிகிறது. காலி ஆகிவிட்டதோ என்று எடைபோட்டால் பாதி இருக்கிறது!

இதில் ரெகுலேட்டர் பாவம். சிலிண்டருக்குள் இருப்பது திரவம். அது கொதித்துத்தான் வாயுவாகிறது, கொதிக்கத் தேவையான வெப்பத்தைத் திரவத்திலிருந்தும் சிலிண்டர் சுவரிலிருந்தும் எடுத்துக்கொள்கிறது. நீங்கள் வேகமாக இழுக்க இழுக்கத் திரவம் குளிர்கிறது, குளிரக் குளிர அழுத்தம் விழுகிறது. மைனஸ் 42 டிகிரியில் அழுத்தமே மிஞ்சாது. சிலிண்டர் சின்னதாக இருந்தாலோ, திரவ மட்டம் இறங்கியிருந்தாலோ இது சீக்கிரம் வரும். திரவம் படும் சுவரின் பரப்பு குறைவு, அதனால் வெளியிலிருந்து வரும் வெப்பமும் குறைவு.

பெரிய சிலிண்டருக்கு மாறுவது நல்ல தீர்வு. உடனடி வழி வேண்டுமானால், வெதுவெதுப்பான தண்ணீர்த் தொட்டியில் சிலிண்டரை நிமிர்த்தி வையுங்கள். கொதிநீர் வேண்டாம், தீ வேண்டவே வேண்டாம். உலைக்குப் பக்கத்தில் நகர்த்தி வைக்கும் கெட்டிக்காரத்தனமும் வேண்டாம். சிலிண்டரைச் சாய்த்துப் படுக்க வைத்தால் திரவமே ரெகுலேட்டருக்குள் போய்விடும்.

கேள்வி: பர்னர் "பட் பட்" என்று குழாய்க்குள் எரிகிறது.

அழுத்தம் போதாது, அல்லது ஜெட்டில் அடைப்பு. என் அனுபவத்தில் அந்த அடைப்பு பெரும்பாலும் டெஃப்லான் டேப்பின் கிழிசல். நுனி நோக்கிச் சிறுக்கும் கூம்பு மரைக்கு மட்டும், வாயுவுக்கான டேப்பை, முனையில் ஓரிரு மரையை விட்டுச் சுற்றுங்கள். சிலிண்டர் நட்டுக்கு டேப்பே தேவையில்லை. அந்த நட் ஏறவில்லை என்று எழுதியவருக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: எரிவாயு நட்டுகள் பல இடது மரை. நட்டின் விளிம்பில் வெட்டுக்குறி இருந்தால் எதிர்ப்பக்கம் திருகுங்கள்.

கேள்வி: ஐயா, வாயு வாசனை வருகிறது. எல்லா இணைப்பிலும் சோப்பு நீர் தடவினேன், குமிழி இல்லை.

ரெகுலேட்டர் மூடியில் ஊசித்துளை மாதிரி ஒன்று இருக்கும். அங்கே தடவிப் பாருங்கள். குமிழி வந்தால் உள்ளே டயாஃப்ரம் என்ற நெகிழும் சவ்வு கிழிந்திருக்கிறது, தூக்கிப் போடுங்கள். துளையை அடைத்துச் சமாளிக்க வேண்டாம், டயாஃப்ரம் அசைய அந்தக் காற்றுவழி வேண்டும். புரோப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம், தரையில் தேங்கும். காற்றில் 2 சதவீதத்துக்குச் சற்று மேல் கலந்தாலே பற்றிக்கொள்ளும்.

கேள்வி: அழுத்தத்தைக் கூட்டினால் சூடு ஏறவில்லை, உலை வாயிலிருந்து சுடர்தான் நீள்கிறது.

காற்று போதவில்லை. அழுத்தத்தைக் குறையுங்கள் அல்லது பர்னரின் காற்றுவழியைத் திறந்துவிடுங்கள். இப்படி எரியும்போது கார்பன் மோனாக்சைடு நிறைய வரும், அதற்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. கதவு, சன்னல் திறந்திருக்கட்டும், அந்த வாயுவுக்கான அலாரம் ஒன்றும் மாட்டுங்கள்.

கேள்வி: அணைக்கும்போது எதை முதலில் மூடுவது?

சிலிண்டரை. ஹோஸில் மிச்சமிருப்பது எரிந்து தீரட்டும், கடைசியில் ஒரு சின்ன "பட்" கேட்கலாம். பிறகு பர்னர் வால்வு, பிறகு ரெகுலேட்டர் திருகைத் தளர்த்துங்கள்.