‘பள்ளி பொறுப்பல்ல’ என்று எழுதியிருக்கும் படிவத்தில் கையெழுத்துப் போடலாமா?

பட்டர்வொர்த்திலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். நீளமான கடிதம், சுருக்கித் தருகிறேன்.

“என் மகளுக்கு 15 வயது. அவள் படிக்கும் அரசு இடைநிலைப்பள்ளியின் பரதநாட்டியக் குழு டிசம்பர் விடுமுறையில் எட்டு நாள் தமிழ்நாட்டுக்குப் போகிறது. சென்னை கலாஷேத்ரா, மாமல்லபுரம், சிதம்பரம், தஞ்சாவூர் எல்லாம் பார்க்கிறார்கள். தலைக்கு 4,200 ரிங்கிட். 3,000 கட்டிவிட்டேன். பொறுப்பாசிரியரின் சொந்த வங்கிக் கணக்கில்தான் போடச் சொன்னார்கள். போன வாரம் ஒரு படிவம் வந்தது. எது நடந்தாலும் பள்ளியும் ஆசிரியர்களும் சுற்றுலா நிறுவனமும் பொறுப்பில்லை, நான் வழக்குப் போட மாட்டேன், எந்தக் காரணத்துக்கும் பணம் திரும்பக் கிடைக்காது என்று அதில் இருக்கிறது. அப்பா, அம்மா இருவரும் கையெழுத்துப் போட வேண்டுமாம். அவர் எங்களை விட்டுப் போய் ஐந்து வருஷம் ஆகிறது. எங்கே இருக்கிறார் என்றே தெரியாது. விவாகரத்து வாங்கவில்லை, நீதிமன்றத்துக்கும் போகவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்காவிட்டால் பெயரை எடுத்துவிடுவோம் என்கிறார்கள். மகளுக்கு ஆஸ்துமா வேறு. நான் என்ன செய்யட்டும்?”

அன்புச் சகோதரி, பயப்படாமல் படியுங்கள். உங்கள் மகள் போகலாம். அப்பாவின் கையெழுத்து இல்லாமலே போகலாம். படிவத்தில் நீங்கள் கையெழுத்துப் போடலாம், ஆனால் இப்போது இருக்கிற வடிவத்தில் வேண்டாம்.

நீங்கள் படமெடுத்து அனுப்பிய படிவத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நான்காவது வரியில் ‘பீஹாக் செக்கோலா தீடாக் அக்கான் பெர்த்தாங்கோங்ஜாவாப்’ என்று இருக்கிறது. பள்ளித் தரப்பு பொறுப்பேற்காது. இந்த நாட்டில் கார் நிறுத்துமிடப் பலகையிலிருந்து நீச்சல் வகுப்பு ரசீது வரை இதே வாசகத்தைத்தான் பார்க்கிறோம். பார்த்துப் பார்த்து, எழுதி வைத்துவிட்டாலே அது சட்டம் ஆகிவிடும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அப்படி ஆகாது.

1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 29-ஆம் பிரிவு இப்படிச் சொல்கிறது: ஒருவர் தன் உரிமைக்காக நீதிமன்றம் போவதை முற்றாகத் தடுக்கும் ஒப்பந்தம், தடுக்கிற அந்த அளவுக்குச் செல்லாது. ஒரு வங்கிக் கடன் வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் இந்தப் பிரிவை எடுத்து விரிவாகப் பேசியது. நீதிமன்றத் தீர்ப்புகளை வெளியிடும் மலாயன் லா ஜர்னலில், 2019-இல் அந்தத் தீர்ப்பு வந்திருக்கிறது. வங்கி தன் பொறுப்பு அத்தனையையும் ஒரே விதியில் கழற்றிப் போட்டிருந்தது. உரிமை இருக்கிறது என்று ஒரு பக்கம் சொல்லிவிட்டு அதற்கான பரிகாரம் எல்லாவற்றையும் மறுபக்கம் அடைத்துவிட்டால், வழக்கே போடாதே என்று சொன்னதற்குச் சமம் என்ற போக்கில்தான் நீதிமன்றம் பார்த்தது. விதி செல்லாமல் போனது. வங்கியிடம் கடன் வாங்கியவருக்கு இந்தப் பாதுகாப்பு உண்டென்றால், பிள்ளையைப் பள்ளியை நம்பி அனுப்புகிற தாயும் அதே வாதத்தை நீதிமன்றத்தில் வைக்கலாம்.

சுற்றுலா நிறுவனத்துக்கு இன்னொரு கட்டும் உண்டு. அது வியாபாரம் செய்கிறது, நீங்கள் பயனீட்டாளர். 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் நியாயமற்ற ஒப்பந்த விதிகளைப் பற்றிய ஒரு தனிப்பகுதி 2011 பிப்ரவரியிலிருந்து நடப்பில் இருக்கிறது. போதிய காரணமில்லாமல் தன் கவனக்குறைவுக்கான பொறுப்பைத் தட்டிக் கழிக்கும் விதியை நீதிமன்றமோ தீர்ப்பாயமோ செல்லாது என்று அறிவிக்க அது வழி செய்கிறது. படிவத்தை அச்சடித்துக் கொடுத்தது அவர்கள், ஒரு சொல்லைக்கூட மாற்ற உங்களுக்கு வாய்ப்புத் தரவில்லை என்பதும் உங்கள் பக்கம் பேசும்.

இதெல்லாம் உங்கள் உரிமையைப் பற்றி. உங்கள் மகளின் உரிமை தனி. நம் நாட்டில் 18 வயது வரை ஒருவர் சட்டப்படி இளையர். ஆசிரியரின் கவனக்குறைவால் அவளுக்கு அடிபட்டால், இழப்பீடு கேட்கும் உரிமை அவளுக்கே உரியது. அவள் சார்பில் நீங்கள் வழக்கு நடத்தலாம். ஆனால் அந்த வழக்கைப் பாதியில் சமரசம் செய்ய வேண்டுமென்றால்கூட நீதிமன்றத்தின் ஒப்புதல் வேண்டும். நடந்துவிட்ட ஒன்றையே பெற்றோர் தம் இஷ்டத்துக்கு விட்டுக்கொடுக்க முடியாதபோது, நடக்காத ஒன்றை முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட முடியுமா?

பள்ளியின் கடமை எவ்வளவு என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் மகளின் பாதுகாப்பு அதில்தான் இருக்கிறது. பள்ளித் தோட்ட வேலையில் சக மாணவரின் சங்கோல் (மண்வெட்டி) பட்டு ஒரு மாணவருக்குக் காயம். அந்த வழக்கு கூட்டரசு நீதிமன்றம் வரை போனது, அதே ஜர்னலில் 1981-இல் வெளிவந்தது. மாணவர்களைப் பாதுகாப்பான இடைவெளியில் நிறுத்தினார்களா, தோட்டக் கருவிகளின் நிலையைச் சோதித்தார்களா, போதிய எச்சரிக்கை கொடுத்தார்களா என்றுதான் நீதிமன்றம் பார்த்தது. செய்யவில்லை என்றதும் அரசாங்கம் பொறுப்பேற்க வேண்டியதாயிற்று. அதாவது, அக்கறையுள்ள ஒரு பெற்றோர் அந்த இடத்தில் இருந்தால் என்ன செய்வாரோ அதை ஆசிரியர் செய்ய வேண்டும்.

இதை உங்கள் பயணத்துக்குப் பொருத்திப் பாருங்கள். மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலுக்குப் பக்கத்திலேயே கடல். பிள்ளைகள் தண்ணீரைக் கண்டதும் ஓடுவார்கள். எண்ணிப் பார்க்க ஆளில்லாமல் விட்டுவிட்டு ஆசிரியர்கள் கடை பார்க்கப் போனால் அது கவனக்குறைவு. எல்லாரும் கூடவே இருந்தும் ஒரு பிள்ளை படியில் கால் இடறிச் சுளுக்கிக்கொண்டால் அது யார் மீதும் குற்றமில்லை, எந்த நீதிமன்றமும் அதற்கு ஆசிரியரைப் பிடிக்காது. இந்த வித்தியாசம் ஆசிரியர்களுக்குத் தெரிந்தால் இப்படிப்பட்ட படிவமே தேவைப்படாது. தங்கள் விடுமுறையை விட்டு இருபது பிள்ளைகளை இன்னொரு நாட்டுக்குக் கூட்டிப்போகிறவர்கள் அவர்கள். பயத்தில்தான் இப்படி எழுதி வாங்குகிறார்கள். அவர்களை எதிரியாக நினைத்துப் பேசாதீர்கள்.

சரி, வெள்ளிக்கிழமைக்குள் என்ன செய்வது? நான்காவது வரியையும், வழக்குப் போட மாட்டேன் என்ற ஐந்தாவது வரியையும் பேனாவால் ஒரே கோடாக அடித்துவிடுங்கள். ஓரத்தில் சிறுகையெழுத்தும் தேதியும் போடுங்கள். அடித்ததற்குப் பதிலாக இதை எழுதுங்கள், மலாயில் எழுதினால் இன்னும் நல்லது: ‘பயணத்தில் இயல்பாக நேரக்கூடிய ஆபத்துகளை நான் அறிவேன். பள்ளி, ஆசிரியர்கள், சுற்றுலா நிறுவனம் ஆகியோரின் கவனக்குறைவால் நேரும் காயமோ இழப்போ இதில் அடங்காது.’ பிறகு கையெழுத்துப் போட்டு, படிவத்தைப் படம் எடுத்துக்கொண்டு கொடுங்கள். அவசரத்தில் அப்படியே போட்டுவிட்டாலும் குடி மூழ்கிவிடாது, மேலே சொன்ன சட்டங்கள் அப்போதும் இருக்கும். ஆனால் நாளை ஒன்று நடந்தால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அந்தக் காகிதத்தைத்தான் முதலில் நீட்டுவார். அதை இப்போதே அடித்துவிடுவது உங்களுக்கு லேசு.

படிவத்தில் மற்ற வரிகளை விட்டுவிடுங்கள். விதிகளுக்குக் கட்டுப்படுவாள், அவசரத்தில் சிகிச்சை கொடுக்கச் சம்மதம் என்பதெல்லாம் நியாயமானவை. சிகிச்சைச் சம்மதம் உங்களுக்கே தேவை.

அடுத்தது, அப்பாவின் கையெழுத்து. உங்கள் கடிதத்தில் அதிகமாக வலிப்பது இதுதான் என்று தெரிகிறது. பிள்ளை தகப்பனுக்குச் சொந்தம் என்ற பழைய எண்ணம் அலுவலகங்களில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சட்டம் அதை எப்போதோ தாண்டிவிட்டது. 1961 இளையர் பாதுகாவலர் சட்டத்தை 1999-இல் திருத்தினார்கள். முஸ்லிம் அல்லாத குடும்பங்களுக்கு, பிள்ளையை வளர்ப்பதில் தாய்க்கும் தந்தைக்கும் உரிமை சமம் என்று அதன் 5-ஆம் பிரிவு நேராகச் சொல்கிறது. இருவரும் சேர்ந்து கையெழுத்திட்டால்தான் பிள்ளை பள்ளிச் சுற்றுலா போகலாம் என்று அதில் எங்கும் இல்லை. கடப்பிதழ் எடுக்கவும் பெற்றோரில் ஒருவர் குடிநுழைவுத் துறைக்குக் கூட வந்தால் போதும்.

விவாகரத்து வழக்கு நடந்துகொண்டிருந்தாலோ, பிள்ளை யார் பராமரிப்பில் இருக்க வேண்டும் என்ற நீதிமன்ற உத்தரவு இருந்தாலோ கதை வேறு. 1976 திருமணம், விவாகரத்துச் சட்டத்தின் 101-ஆம் பிரிவின்கீழ் பிள்ளையை நாட்டை விட்டுக் கூட்டிப்போகாமல் தடுக்க நீதிமன்றத்தால் முடியும். இதைப் படிக்கும் மற்றவர்கள் யாரிடமாவது அப்படி ஓர் உத்தரவு இருந்தால், அதை எடுத்து ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிட்டுத்தான் பிள்ளையை அனுப்ப வேண்டும். உங்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை.

இருந்தாலும் பள்ளியிடம் சட்டம் பேசிக்கொண்டிருப்பதைவிட ஒரு காகிதத்தைக் கொடுத்துவிடுவது சுலபம். சத்தியப் பிரமாணம், அதாவது சூராட் அக்குவான். 1960-ஆம் ஆண்டு சட்டத்தின்கீழ் சத்தியப் பிரமாண ஆணையர் முன்னால் கையெழுத்திட வேண்டும். பட்டர்வொர்த்தில் அவர்களின் பலகையை நீங்களே பார்த்திருப்பீர்கள். உங்கள் அடையாள அட்டையையும் மகளின் பிறப்புப் பத்திரத்தையும் எடுத்துப் போங்கள். ஐந்தே விஷயங்கள் போதும்: நீங்கள் பெற்ற தாய், பிள்ளை உங்கள் பராமரிப்பில் இருக்கிறாள், அவள் அப்பா எந்த ஆண்டு முதல் உங்களோடு இல்லை, இருப்பிடம் தெரியவில்லை, பயணத்தைத் தடுக்கும் நீதிமன்ற உத்தரவு எதுவும் உங்களுக்குத் தெரிந்து இல்லை. உண்மையை மட்டும் எழுதுங்கள், பொய்ப் பிரமாணம் குற்றம். அவர் ஏன் போனார், எப்படி நடந்துகொண்டார் என்பதெல்லாம் இதில் வேண்டாம். அது உங்கள் மனசுக்குள் இருக்கட்டும், பள்ளிக் கோப்பில் வேண்டாம். இந்திய விசா விண்ணப்பத்தில் அப்பாவின் பெயரும் பிறந்த ஊரும் கேட்பார்கள். பெயரைப் பிறப்புப் பத்திரத்தில் உள்ளபடியே எழுதிவிடுங்கள். மகளின் கடப்பிதழ் காலாவதியாக ஆறு மாதத்துக்கு மேல் இருக்கிறதா என்றும் இன்றைக்கே பாருங்கள்.

பணத்தைப் பற்றி. ஆசிரியரின் சொந்தக் கணக்கில் போட்டது சரியான முறை இல்லை. அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் நாளை பயணம் நின்றுபோனால், உங்கள் 3,000 வெள்ளி யாரிடம் போனது என்பதற்கு உங்களிடம் இருப்பது வங்கிச் செயலியின் படம் மட்டும்தான். சுற்றுலா நிறுவனம் உங்கள் பெயரில் ரசீது தரட்டும், இல்லையென்றால் பெற்றோர் ஆசிரியர் சங்கம் தரட்டும். மீதி 1,200-ஐ அந்த ரசீது வந்த பிறகு கட்டுங்கள். நிறுவனத்துக்கு 1992 சுற்றுலாத் தொழில் சட்டத்தின்கீழ் உரிமம் இருக்க வேண்டும். அது வெளிநாட்டுப் பயணத்துக்கான உரிமமா என்பதைச் சுற்றுலா, கலை, பண்பாட்டு அமைச்சின் இணையப் பக்கத்தில் பார்த்துக்கொள்ளலாம். மாநிலக் கல்வி இலாகாவின் ஒப்புதல் கடிதத்தையும் கேட்டுப் பாருங்கள். அது இல்லாமல் போனால், இது பள்ளிப் பயணமே இல்லை, தனியார் ஏற்பாடு என்று பின்னால் கைகழுவ இடம் கிடைக்கும்.

எந்தக் காரணத்துக்கும் பணம் திரும்பாது என்ற வரி அவ்வளவு கெட்டியானதில்லை. நீங்களாக விலகினால், அவர்கள் உண்மையிலேயே செலவழித்த டிக்கெட், விசாப் பணத்தைப் பிடித்துக்கொள்வதில் நியாயம் உண்டு. அவர்களே பயணத்தை நிறுத்திவிட்டுப் பணத்தையும் வைத்துக்கொள்ள முடியாது. அப்படி நடந்தால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போங்கள், மலாயில் திரிபுனால் துந்துத்தான் பெங்குனா. மனுவுக்கு 5 ரிங்கிட் கட்டணம். 50,000 ரிங்கிட் வரை கோரலாம், மூன்று ஆண்டுக்குள் போட வேண்டும். அங்கே வழக்கறிஞர் வைத்து வாதாட முடியாது, நீங்களே பேச வேண்டும், அதற்காகத் தயங்காதீர்கள். போவதற்கு முன் யாரிடமாவது பேசிப் பார்க்க வேண்டும் என்று தோன்றினால், ஜார்ஜ்டவுன் பக்கம் ஜாலான் மஸ்ஜித் நெகிரியில் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் இருக்கிறது.

பள்ளியின் மீது கோரிக்கை வந்தால் அது வேறு வழி. அரசுப் பள்ளி என்பதால் 1948 பொது அதிகாரிகள் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே வரும், 36 மாதத்துக்குள் வழக்குப் போட்டாக வேண்டும். பிள்ளை சின்னவள்தானே, 18 வயது ஆனபிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள்.

கடைசியாக, நீங்கள் ஒற்றை வரியில் சொல்லிவிட்டுப் போன ஆஸ்துமா. என் கணக்கில் இந்தப் படிவத்தைவிட அது பெரிய விஷயம். மகளுக்கு என்ன மருந்து, எதனால் இழுப்பு வரும், வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று ஒரே பக்கத்தில் எழுதி, மருத்துவரின் குறிப்போடு தலைமையாசிரியருக்கும் பொறுப்பாசிரியருக்கும் கொடுத்து, கிடைத்தது என்று கையெழுத்து வாங்குங்கள். வாய்ச்சொல்லாகச் சொன்னால் யாரும் கேட்டதாக நாளை ஞாபகம் இருக்காது. எழுத்தில் தெரிந்த பிறகு அவர்களின் கவனிப்புக் கடமையும் கூடிவிடும். பயணக் காப்புறுதிப் பத்திரத்தில் அவள் பெயர் இருக்கிறதா, ஏற்கெனவே உள்ள நோய்களுக்குச் செல்லுமா என்று பாருங்கள். செல்லாதென்றால் அவளுக்கு மட்டும் தனியாக ஒன்று எடுத்துவிடுங்கள்.

சிதம்பரம் கோபுர வாசலில் நூற்றெட்டு நடனக் கரணங்களும் கல்லில் இருக்கின்றன. அடவு பழகும் பிள்ளை அண்ணாந்து பார்த்தபடி வெகுநேரம் நின்றுவிடுவாள். இன்ஹேலர் இரண்டாக வாங்குங்கள். ஒன்று அவள் இடுப்புப் பையில் இருக்கட்டும், இன்னொன்று ஆசிரியையின் கையில்.