தாளாளருக்கு முழுப் பக்கம், ஆறாம் வகுப்புக்குக் கால் பக்கம்

அன்புள்ள ஐயா,

நான் பதினோராம் வகுப்பு படிக்கிறேன். எங்கள் பள்ளி ஆண்டு மலர்க் குழுவில் மாணவர் தரப்பு ஆசிரியராக என்னைப் போட்டிருக்கிறார்கள். ஏ4 அளவில் 64 பக்கம், அதில் 16 பக்கம் மட்டும் கலர். போன வருட மலரைத் திறந்தால் முதல் 11 பக்கமும் வாழ்த்துச் செய்திகள்தான், எல்லாம் கலரில். பள்ளியில் மொத்தம் 18 பிரிவுகள். அத்தனை பேரின் குரூப் போட்டோவையும் பக்கத்துக்கு நான்காகப் போட்டு, ஐந்து பக்கத்தில் கருப்பு வெள்ளையில் முடித்துவிட்டார்கள். அமெரிக்காவில் படிக்கும் என் பெரியம்மா மகள் அவள் பள்ளி இயர்புக்கை வீடியோ காலில் காட்டினாள். எனக்குப் பொறாமையாக இருந்தது. "அட்டையை கேன்வாவில் அழகாகப் பண்ணு, உள்ளே போன வருடம் மாதிரியே இருக்கட்டும்" என்கிறார் பொறுப்பாசிரியர். நான் வேறு என்ன செய்ய முடியும்?

(பெயர் போட வேண்டாம், பள்ளியில் தெரிந்துவிடும்.)

அன்புள்ள மாணவிக்கு,

உங்கள் கடிதத்தில் அட்டையைப் பற்றி ஒரு வரிதான் இருக்கிறது, மற்றதெல்லாம் பக்கக் கணக்கு. சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறீர்கள். யாருக்கு எவ்வளவு இடம் என்று முடிவு செய்வதுதான் மலரின் வடிவமைப்பு. எழுத்துரு, பார்டர், பூ வேலை எல்லாம் அதற்குப் பிறகு.

குரூப் போட்டோவிலிருந்து ஆரம்பிப்போம். ஏ4 பக்கத்தில் ஓரம் போக அகலம் சுமார் 18 செ.மீ. இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்றுக்குக் கிடைப்பது எட்டரை. வரிசைக்கு 17 பேர் நின்றால் ஆளுக்கு அரை செ.மீ., அதில் முகம் கடுகளவு. அதே படங்களை ஒன்றின் கீழ் ஒன்றாக, பக்கத்துக்கு இரண்டு வீதம் வையுங்கள். ஆளுக்கு ஒரு செ.மீ. கிடைக்கும், முகம் மிளகளவாகும். யார் என்று அடையாளம் தெரியும். படத்தின் உயரத்தை 8 செ.மீ.க்கு வெட்டினால் அடியில் ஐம்பது பேரின் பெயரும் சிறிய எழுத்தில் வசதியாக வந்துவிடும். 18 பிரிவுக்கு 9 பக்கம் ஆகும், அதாவது போன வருடத்தைவிட நான்கு பக்கம் கூடுதல்.

அந்த நான்கை வாழ்த்துச் செய்திகளில் எடுக்கலாம். யாரையும் நீக்க வேண்டாம், நீக்கினால் உங்களையே குழுவிலிருந்து நீக்கிவிடுவார்கள். பதினொரு பேரில் மூன்று பேருக்கு முழுப் பக்கம், மீதி எட்டுப் பேருக்கு ஆளுக்கு அரைப் பக்கம். 7 பக்கத்தில் முடிந்தது. எப்படியும் எட்டுப் பேரும் "மலர் மணம் பரப்பட்டும்" என்றுதான் எழுதியிருப்பார்கள், அதற்கு அரைப் பக்கமே தாராளம்.

இப்போது 7-ஐயும் 9-ஐயும் கூட்டுங்கள். 16. பல அச்சகங்களில் ஒரு ஃபாரம், அதாவது ஒரே பெரிய தாளில் சேர்த்து அடித்து மடிக்கும் பக்கங்கள், இதே 16 பக்கம்தான். உங்கள் அச்சகத்திலும் அப்படித்தானா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கலருக்கு நான்கு பிளேட் (அச்சுத் தகடு) வேண்டும், கருப்புக்கு ஒன்று போதும். அதனால்தான் கலர்ப் பக்கங்களை இங்கொன்று அங்கொன்றாகத் தூவாமல் ஒரே ஃபாரமாக அடிக்கிறார்கள். பெரும்பாலும் அது முதல் ஃபாரமாக இருக்கும், வாழ்த்துச் செய்திகளும் அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும். பிள்ளைகள் கருப்பு வெள்ளையானது யாரோ திட்டம் போட்டுச் செய்ததாக இருக்காது. முன்னால் வந்தவருக்குக் கலர் கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான். பொருளடக்கத்தை அட்டையின் உள்பக்கத்துக்குத் தள்ளிவிட்டால் வாழ்த்தும் வகுப்புகளும் சேர்ந்து கலர் ஃபாரத்துக்குள் அடங்கிவிடும். ஆண்டு விழா நடனப் படங்கள் கருப்பு வெள்ளைக்குப் போகும். போகட்டும்.

ஒன்றை மட்டும் அச்சகத்தில் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். முதுகில் பசை போட்டு ஒட்டும் பைண்டிங் என்றால் 16 பக்கமும் தொடர்ந்து வரும். நடுவில் பின் அடிப்பதாக இருந்தால் அதே ஃபாரம் முன்னால் எட்டு, பின்னால் எட்டு என்று பிரிந்துவிடும். அதைத் தெரிந்துகொண்டு பக்கம் ஒதுக்குங்கள்.

உங்கள் அக்காவோ தங்கையோ காட்டிய புத்தகத்துக்கு வருகிறேன். அங்கே பல பள்ளிகளில் இயர்புக்குக்கென்று தனி பீரியடே உண்டு, வருடம் முழுக்க வேலை நடக்கும். பிள்ளைகள் விலை கொடுத்துத்தான் வாங்குகிறார்கள். மேடு பள்ளம் அங்கேயும் இருக்கிறது: கடைசி வருட மாணவர்களுக்குப் பெரிய படம், ஒன்பதாம் வகுப்புக்குச் சின்னப் படம், கடைசிப் பக்கங்களில் பெற்றோர் காசு கொடுத்துப் போடும் வாழ்த்து விளம்பரம். நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது பின்னால் இருக்கும் பெயர் அகராதியை. யார் எந்தெந்தப் பக்கத்தில் வருகிறார்கள் என்று அதில் இருக்கும். நீங்கள் அதை அச்சில் போடாவிட்டாலும் ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். கவிதை, பேச்சுப் போட்டி, பரிசளிப்பு என்று எல்லா இடத்திலும் ஒரே பத்துப் பேர் வருவது அப்போதுதான் கண்ணில் படும்.

பெயர்கள்தான் பெரிய தலைவலி. படம் எடுத்த கையோடு, பிள்ளைகள் கலைவதற்குள், வரிசை வரிசையாக "இடமிருந்து வலம்" எழுதி வாங்குங்கள். மறுநாள் கேட்டால் நின்றவர்களுக்கே ஞாபகம் இருக்காது. அன்று வராதவர்களுக்கு "படத்தில் இல்லாதவர்கள்" என்று ஒரு வரி கட்டாயம் வேண்டும். எழுத்துக்கூட்டலை வருகைப் பதிவேட்டோடு ஒப்பிடுங்கள். ஒரே வகுப்பில் மூன்று கார்த்திகா இருப்பார்கள், இனிஷியலை விட்டுவிடக் கூடாது. நீங்கள் செல்போனில் அடிப்பது யூனிகோடு, எல்லாக் கருவிக்கும் பொதுவான எழுத்து முறை. பக்கம் வடிவமைக்கும் டிடிபி கடையில் இன்னும் பேஜ்மேக்கர் என்ற பழைய மென்பொருள் ஓடினால் அதைப் பழைய எழுத்துருவுக்கு மாற்றுவார்கள், அப்போது கொம்பும் துணைக்காலும் இடம் மாறும். ஆகவே எழுத்துருவை மாற்றியதற்குப் பிறகு புரூஃபைப் பாருங்கள். அந்தந்த வகுப்பின் புரூஃபை அந்தந்த வகுப்புச் சுவரில் ஒரு நாள் ஒட்டி, பக்கத்தில் சிவப்புப் பேனா ஒன்றைத் தொங்கவிடுங்கள். தன் பெயரில் உள்ள தப்பைக் கண்டுபிடிக்க அவரவரைவிடக் கெட்டிக்காரர் கிடையாது.

படங்களை வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக வாங்காதீர்கள், அது சுருக்கிவிடும். டாக்குமெண்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பென்டிரைவ். 18 செ.மீ. அகலத்தில் தெளிவாக அச்சாகக் குறுக்கில் 2100 பிக்சலாவது வேண்டும். இணையத்திலிருந்து எடுத்த ஜோக்குகளை விட்டுவிடலாம். அம்மா கவிதைகள் எப்படியும் வரும், ஒன்றிரண்டோடு நிறுத்துங்கள்.

பொறுப்பாசிரியரிடம் அமெரிக்க இயர்புக் பேச்சையே எடுக்காதீர்கள். ஒரு சார்ட்டில் 64 கட்டம் போட்டு, எந்தப் பக்கத்தில் எது என்று பென்சிலால் எழுதி எடுத்துப் போங்கள். முதலில் தாளாளரின் முழுப் பக்கத்தைக் காட்டுங்கள், அப்புறம் கலர் ஃபாரக் கணக்கு. கலர்ப் பக்கம் ஒன்றுகூட ஏறவில்லை என்பதை அவரே எண்ணிப் பார்த்துக்கொள்வார். முழுப் பக்கம் பெறும் மற்ற இரண்டு பேர் யார் என்று கேட்டால், அதைத் தலைமையாசிரியர் முடிவுக்கு விட்டுவிடுவதாகச் சொல்லுங்கள். அந்தச் சண்டையில் உங்களுக்கு வேலை இல்லை.